எங்கள் ஊர் நிறுத்தத்தில் யாரும் ஏறுவதில்லை

எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். திமிர் இல்லை. எதற்கு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும்போது எங்கள் ஊர் சுருங்கிவிடும். அண்ணன், தம்பி, தம்பி பெண்டாட்டி, பிள்ளை பெற்று அதைப் பள்ளிக்கூடமும் அனுப்பிக்கொண்டிருக்கிற மகன், எல்லாரும் ஒரே தலைக்கட்டு. எல்லாம் ஒன்றாகத்தான் தின்கிறோம் என்று சாதிப்பார்கள். அதே ஆட்கள் இலவச அரிசிக்கும் தீபாவளித் துணிக்கும் பெயர் எழுதும்போது, ஒரே கூரைக்கடியில் ஆளுக்கொரு அடுப்பு பற்ற வைத்துவிடுவார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்த ஒரு பெண் மத்தியானம் வரை தெருவில் அலைந்துவிட்டு, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "யக்கா, ஒரே வூட்ல மாமியா ஒரு கணக்கு சொல்லுது, மருமவ ஒரு கணக்கு சொல்லுது. எத்த எழுதறது?" என்று அழாத குறையாகக் கேட்டாள். மாமியார் உன்னை வரி வசூலிக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறாள், மருமகள் துணி கொடுக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறாள் என்று விளக்கினேன். அவள் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டு போனாள். எங்கள் ஊரின் மக்கள்தொகை என்று சர்க்கார் வைத்திருப்பது அந்த ஏதோ ஒன்றுதான்.

இதில் மூலக்குளத்துக்காரர்கள் வேறு. எங்கள் ஊரில் நாலு காசு சேர்த்தவன் முதலில் செய்கிற வேலை, டவுனை ஒட்டி மூலக்குளத்தில் ஒரு மனை வாங்கி மாடி வீடு கட்டிக்கொண்டு ஓடுவது. போகும்போது கட்டிலை எடுத்துப் போவான், பீரோவை எடுத்துப் போவான், ரேஷன் கார்டை மட்டும் விட்டுவிட்டுப் போவான். ஓட்டும் இங்கேதான். பொங்கலுக்குக் காரில் வந்து இறங்கி, "நம்ம ஊரு காத்தே தனி" என்று நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, கொசு வருவதற்கு முன்னால் கிளம்பிவிடுவான். இவர்களைச் சேர்த்தால் எங்கள் ஊர் பெரிய ஊர். சேர்க்காவிட்டால், மத்தியான நேரத்தில் தெரு நடுவில் நாய் படுத்துத் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

இந்தக் கணக்குக் குளறுபடியால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் விஷயத்தில் அது என் வேலைக்கே உலை வைத்தது.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பஸ். தனியார் பஸ். பண்டசோழநல்லூர்ப் பக்கமிருந்து வந்து, மாரியம்மன் கோயில் அருகே எங்கள் தெருவில் நுழைந்து, தெரு முழுக்கக் கடந்து, ஏரிக்கரைப் பக்கமாக வெளியேறி மெயின் ரோட்டைப் பிடிக்கும். பிறகு வில்லியனூர், மூலக்குளம், டவுன். நடுவில் கொஞ்ச தூரம் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டு வரும். அதை யாரும் கவனிப்பதில்லை. சாலையோரத்தில் பிராந்திக் கடைகள் நின்றுவிட்டால் தமிழ்நாடு, மறுபடி ஆரம்பித்தால் நாங்கள். அவ்வளவுதான் எல்லை.

நான் வில்லியனூரைத் தாண்டி ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கேட்டைச் சாத்துவார்கள், சாத்தினால் சாத்தியதுதான். என் வயதில் பாதி இருக்கிற ஒரு சூபர்வைசர், லேட்டாக வந்தால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பான். சோப்பு வாசனையிலேயே இருப்பவன் எதற்கு மூக்கைச் சுருக்குகிறான் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கரும்பு. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பினால் பணம் எப்போது வரும் என்பது அந்த மாரியம்மனுக்கே தெரியாது. என் சம்பளம் மாதம் பிறந்தால் வரும். அடுப்பு எரிவது அதில்தான்.

இனி பஸ் எங்கே நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை ஓரத்தில் நிழற்குடை ஒன்று இருக்கிறது. ஊருக்குள் யாரும் ஒரு சாண் இடம் தராததால் புறம்போக்கில், சாராயக் கடைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். கட்டியவர் பெயர் ஊர்ப் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருக்கும். திறப்பு விழா அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பஸ்ஸுக்காக உட்கார்ந்தவர் யாரும் இல்லை. சாராயக் கடையிலிருந்து வருகிறவர்கள் படுப்பார்கள். அறுவடை நேரத்தில் நெல் மூட்டை அடுக்குவார்கள். மற்ற நேரம் ஆடு.

பஸ் நிற்பது எங்கள் வீட்டு வாசல்களில். ஒவ்வொரு வாசலிலும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கோயில் முனையில் ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் புடவை மடிப்பு எடுப்போம், டிபன் பாக்ஸ் மூடி தேடுவோம். தயாராகாதவள் வாசலில் வந்து ஒரு விரலைக் காட்டுவாள். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். தலை பின்னுகிற நேரமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கும். பஸ் உறுமிக்கொண்டே நிற்கும். பிறகு ஒரு வீடு தள்ளி நகரும், அடுத்தவள் விரலைக் காட்டுவாள்.

இதில் ஊர்த்தலைவர் வீட்டுக் கதை தனி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், தூரத்து உறவு. கோயில் முனையில் முதல் வீடு அவருடையது. கோயிலில் விபூதி முதலில் யாருக்கு என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை எப்படியோ பஸ்ஸுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் பஸ்ஸில் ஏறிப் பல காலம் ஆகிறது, வாசலில் கார் நிற்கிறது, வீட்டில் யாரும் பஸ்ஸுக்கு வருவதில்லை. இருந்தாலும் பஸ் அவர் வாசலில் முதலில் நிற்க வேண்டும். நிற்கும். அவர் பல் குச்சியோடு வெளியே வந்து பஸ்ஸைப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகு போகலாம். புதிதாக வந்த ஒரு டிரைவர் தெரியாமல் நிறுத்தாமல் போனபோது, மறுநாள் தெருவுக்குக் குறுக்கே டிராக்டர் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அன்று நான் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனோடு சண்டை போட்டேன்.

ஒரு நாள் காலையில் பஸ் நிழற்குடையைக் கடக்கும்போது, அங்கே பேன்ட் போட்ட ஒரு மனுஷன் மடியில் பைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒரு ஆடு அவர் பைலை முகர்ந்துகொண்டிருந்தது. பஸ் நின்றது. ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினார். இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்தவர் போல, பாவம், சாராயக் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று பஸ்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சில வாரம் கழித்துக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யக்கா, உங்க ஊரு ரூட்ட எடுக்கப் போறாங்க. மெயின் ரோட்லயே நேரா போறதுக்கு மொதலாளி எழுதிக் குடுத்திருந்தாரு. ஆபீசரு வந்து பாத்துட்டு, இந்த ஸ்டாப்புல ஒரு ஆளு கூட ஏறலன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"ஏறலயா? பஸ் ரொம்பி வழியுது, அவருக்குக் கண்ணு பொட்டையா?"

"ரொம்பித்தான் வந்துச்சு. ஆனா எல்லாம் முன்னாடி ஊர்ல ஏறினவங்கன்னு நெனச்சிக்கினாரு. அவரு உக்காந்த எடத்துல யாரு ஏறினாங்க, நீயே சொல்லு."

யாரும் ஏறவில்லை. ஏறுவதில்லையே. பைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாங்கள் எங்கள் பஸ்ஸை வழியனுப்பியிருக்கிறோம்.

மெயின் ரோட்டுக்கு நடந்து போகலாமே என்று கேட்பவர்கள் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. மழை பெய்தால் பாதை இருக்கும் இடம் மாடுகளுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரரிடம் மோட்டார் வண்டி இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அவர் ரொம்பப் பெருந்தன்மையாக, "பஸ்ஸு போனா போவுது, நான் தெனம் கொண்டும் போயி வுடறேன்" என்றார். ஒத்திகை பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். முதல் நாள் கேட் சாத்துவதற்குள் போனோம். அடுத்த நாள் வழியில் யாரோ கொல்லையில் கரும்பு வெட்டும் மிஷின் இறக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என்னை வண்டியோடு மர நிழலில் நிறுத்திவிட்டுப் போனவர், மிஷினின் பல் வரைக்கும் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார். கேட் சாத்தியிருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தச் சின்னப் பையன் சூபர்வைசர் சொன்னான். சொல்லும்போது மூக்கைக்கூடச் சுருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவும் செய்தேன். ஊர்த்தலைவர் வைக்கோல் போருக்குள் போய் நின்றேன். அதோடு அது முடிந்தது.

ஆபீசரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டேன். அவள் மகள் நர்சிங் படிக்கிறாள், அவளுக்கும் இந்தப் பஸ்தான். பெரிய மனுஷன் ஒருவர் கூட வந்தால் மதிப்பாக இருக்கும் என்று ஊர்த்தலைவர் மாமாவையும் கூப்பிட்டேன். அந்த யோசனை என்னுடையதுதான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் எங்களைத் தன் காரிலேயே டவுனுக்குக் கூட்டிப் போனார்.

ஆபீசர் எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன்தான்.

"நான் வந்து உக்காந்து பாத்தேன்மா. ரெண்டு ஆளு, ஒரு ஆடு. பஸ் வந்தப்ப மூணும் ஏறல" என்றார்.

நாங்கள் வீட்டு வாசலில் ஏறுகிறோம் என்பதை நான் விளக்க ஆரம்பித்தேன். கண்டக்டருக்குத் தொல்லை வரக்கூடாது என்று, எப்போதாவது அவசரத்துக்கு, கர்ப்பிணிப் பெண்கள், என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். மாமா நடுவில் புகுந்தார்.

"அவசரத்துக்கெல்லாம் இல்ல சார், தெனமும்தான். முதல்ல நம்ம வூட்டாண்டதான் நிக்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான்."

"உங்க வூட்ல யாரு ஏறுவாங்க?"

"நம்ம வூட்ல யாரும் ஏற மாட்டாங்க. அதான் கார் கீதே."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா என் தொடையில் கிள்ளினாள். மாமாவைக் கிள்ள முடியாது, அதனால் என்னைக் கிள்ளினாள். பஸ்காரன் நேரம் வீணாகிறது என்று எழுதிக் கொடுத்ததன் அர்த்தம் தனக்கு இப்போதுதான் விளங்குகிறது என்றார் ஆபீசர். நான் விடவில்லை. பஸ் போனால் என் வேலை போகும், இவள் மகள் படிப்பு போகும் என்று நேராகவே சொன்னேன். அவர் யோசித்தார். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வருகிறேன், நிறுத்தத்தில் நின்று ஏறுகிறவர்களை மட்டும்தான் எண்ணுவேன், வாசல் கணக்கெல்லாம் என்னிடம் செல்லாது என்றார். அது போதும் என்று வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊர் கூடியது. நாளைக்கு எல்லாரும் நிழற்குடைக்கு வர வேண்டும், ஊர் மானம் அதில் இருக்கிறது என்று முடிவானது. அது முடிவாக ஆன நேரத்தைவிட, நிழற்குடைக்குள் யார் நிற்பது, வெளியே வெயிலில் யார் நிற்பது என்பதற்கு ஆன நேரம் அதிகம். நிழற்குடையை முதல் தடவையாக ஆட்டுப் புழுக்கை போகக் கழுவினோம். படுக்கிறவர்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஆள் அனுப்பிச் சொன்னோம், ஒரு நாள் மட்டும் வேறு இடத்தில் படுக்கச் சொல்லி. பொது விஷயம் என்றதும் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஊரிலேயே பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர்கள் அவர்கள்தான்.

ஆள் பத்துமா என்று மாமாவுக்குச் சந்தேகம். போனை எடுத்தார். மூலக்குளத்திலிருக்கிற ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, சொந்த ஊருக்கு ஒரு ஆபத்து, காலையில் வந்து நில்லுங்கள் என்று சொன்னார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை. என் வீட்டுக்காரர் தானாகவே வண்டியை எடுத்தார், நிழற்குடை வரைக்கும் விடுகிறேன் என்று. சேறு படாமல் போகலாம் என்று ஏறிக்கொண்டேன். அங்கே போனால் ஊரே கூடியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. இறங்கிச் சுற்றிப் பார்த்தேன்.

ஏரிக்கரை முழுக்க வண்டி. எங்கள் ஊரில் யார் நடப்பார்கள்? ஒவ்வொரு ஆம்பளையும் தன் வீட்டு ஜனத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தானும் வரிசையில் நிற்கிறான். மூலக்குளத்துக்காரர்கள் காரில் வந்திருந்தார்கள். கார்கள் நிழற்குடைக்கு இரண்டு பக்கமும் கல்யாண மண்டபத்து வாசல் போல நின்றன. ஒருவன் பஸ் வருவதற்கு இடம் வேண்டுமே என்று கைகாட்டிக் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். பஸ் வேண்டும் என்று காட்ட வந்த ஊர், பஸ் எதற்கு என்று கேட்கிற மாதிரி வந்து நின்றது. இந்தப் புத்தி உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் வராது.

ஆபீசர் வந்தார். பைக்கை நிறுத்த அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு நடந்து வந்த ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்.

"இது பஸ் ஸ்டாப்பா, வண்டி ஸ்டாண்டா?" என்றார்.

மாமா அகமகிழ்ந்து, எல்லாம் நம் ஊர் ஜனம்தான் என்று கையை வீசிக் காட்டினார்.

"இவ்ளோ வண்டி வச்சிருக்கற ஊருக்கு பஸ்ஸு எதுக்குங்க?"

மாமா பஸ் வருகிற பக்கம் கையைக் காட்டினார். அதே நேரம் பஸ் வந்துவிட்டது. தெரு முழுக்க ஒரு வாசலில்கூட ஆள் இல்லாததைப் பார்த்துக் கண்டக்டர் ஊரில் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று பயந்துபோய் வந்திருந்தார். பஸ் நின்றதும் மாமா சொல்லி வைத்தபடி எல்லாரும் முண்டியடித்தார்கள். மூலக்குளத்துக்காரர்கள் முன்பக்கக் கதவில் ஏறிப் பின்பக்கக் கதவில் இறங்கினார்கள். ஒருவன் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே ஏறினான். அதே சட்டை இரண்டாம் தடவை ஏறுவதை ஆபீசர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பைலைத் திறந்தார்.

அவர் எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எழுதிவிட்டால் முடிந்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், கொஞ்சம் எழுதாதீங்க. இங்க கீற வண்டிச் சாவியெல்லாம் யாரு பாக்கெட்ல கீதுன்னு கேளுங்க மொதல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஊர்ப் பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏரி மறுகரை வரைக்கும் போகும் என்பார்கள்.

"சாவி வச்சிருக்கறவங்க எல்லாம் அந்தாண்ட போங்க. மூலக்குளத்து ஆளுங்க வந்த வழியே கெளம்புங்க. தெனம் இந்த பஸ்ஸுல போறவங்க மட்டும் நில்லுங்க."

ஆம்பளைகள் நகரவில்லை. மாமாவைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தள்ளினாள். மந்தை கலைவது போல ஒரு பக்கமாகப் போனார்கள். போன பிறகு பார்த்தால், மிச்சம் நின்றது நாங்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள், துணிக்கடைக்குப் போகிறவர்கள், நர்சிங் பிள்ளைகள், கூடையோடு பூக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பெரியவர். ஆம்பளை என்று பார்த்தால், அந்தப் பெரியவரைத் தவிர, குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்த ஒருவன் மட்டும். அவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

"இவ்ளோதான் சார் பஸ்ஸுக்கு எங்க ஊரு. வண்டி ஊருக்குத்தான் கீது, எங்களுக்கு இல்ல."

"நீங்க எதுல வந்தீங்க இப்ப?" என்று ஆபீசர் கேட்டார். மனுஷன் கெட்டிக்காரர்.

"தோ நிக்குறாரே, எங்க வூட்டுக்காரரு, அவரு வண்டியில. ஸ்டாப் வரிக்கும் வருவாரு. வில்லியனூர் வரிக்கும் வர மாட்டாரு. நடுவுல மிஷின் பாக்கணும்."

"ஒரு நாளு கொண்டும் போயி வுட்டனே" என்றார் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து. அவர் கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள்.

ஆபீசர் சிரிக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராக ஏறச் சொல்லி எண்ணினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நீங்கள் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பிவிட்டால் நான் என்ன கண்டேன் என்று சொல்லி அவரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். எழுந்து இடம் கொடுத்தோம், உட்காரவில்லை. யார் எங்கே இறங்குகிறார்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்குக் கேட்டின் நினைப்பு. இவ்வளவு சண்டைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் கேட் நிச்சயம் சாத்தியிருக்கும். பஸ்ஸைக் காப்பாற்றப் போய் வேலையைத் தொலைத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

இறங்கி ஓடினேன். கேட் திறந்திருந்தது. வாட்ச்மேன் அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, ஊரில் பஸ் ஸ்டிரைக்கா, யார் வண்டியில் வந்தாய் என்று கேட்டார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு மணிக்கு முன்னால் உள்ளே போனது அன்றைக்குத்தான்.

எப்படி என்று விளங்க எனக்கு இரண்டு பெட்டி சோப்பு அடுக்குகிற நேரம் ஆனது. மாமா வீட்டு வாசல் இல்லை, விரல் காட்டுவது இல்லை, தலை பின்னுவது இல்லை. பஸ் தெருவில் நிற்காமல் வந்ததுதான் காரணம். இத்தனை நாளாக வாட்ச்மேனையும் சூபர்வைசரையும் பஸ்காரனையும் நான் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி, எங்கள் தெருவில் நின்று எங்களையே திட்டியிருக்க வேண்டியது. பெட்டியை அடுக்கினேன்.

உத்தரவு வந்தது. எங்கள் ஊர் வழி இருக்கும். காலையும் மாலையும் பஸ் வரும். ஆனால் நிழற்குடையில் மட்டும்தான் நிற்க வேண்டும், வாசலில் நின்றால் பெர்மிட் போகும். மாமா இதைக் கோயில் விபூதியையே நிறுத்திவிட்டது போல எடுத்துக்கொண்டார். ஊர் மானத்தை நான் கடைத்தெருவில் வைத்துவிட்டேன் என்று எனக்குக் கேட்கும்படி இரண்டு வாரம் பேசினார். நிழற்குடையையே தன் வாசலுக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்ததாகவும் கேள்வி. முதல் சில நாள் பழக்கத்தில் வாசலில் நின்று விரலைக் காட்டியவர்கள், பஸ் நிற்காமல் போனதைப் பார்த்துச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். என்னைத்தான் திட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள். நான் கண்டக்டரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

எங்களுக்குள் நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். தினம் பஸ்ஸில் போகிற பெண்கள் மட்டும் போட்டது, ஊர்க்கூட்டம் இதில் இல்லை. நிழற்குடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு வண்டியும் நிற்கக்கூடாது. எந்த ஆபீசர் எந்த நாளில் பைலோடு வந்து உட்காருவார் என்று யாருக்குத் தெரியும்?

போன மழையில் தெருவெல்லாம் சேறு. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துவந்து, "ஏறுடி, ஸ்டாப்புல வுட்டுர்றேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியை வீட்டுக்குப் பின்னால் ஓட்டிப்போய் நிறுத்தச் சொல்லிவிட்டு, நடந்தேன்.